கணினிக்கு முன்பே பிறந்த நூலக முறை

பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூர், சிறுசேரி வட்டாரம் மென்பொருளால் வளர்ந்தது. அங்கே நூலக நிர்வாகம் என்றால் பார்கோடும் கணினிப் பட்டியலும்தான் முதலில் நினைவுக்கு வரும். கணினி வந்த பிறகே நூலகங்கள் ஒழுங்குபட்டன என்ற எண்ணமும் உடன் வரும். வரலாறு வேறு. இன்றைய மென்பொருளின் அடிப்படைச் சிந்தனையில் முக்கியமான ஒரு பகுதி, கணினிக்கு முன்பே சென்னையில் அட்டைப் பட்டியல் காலத்தில் உருவானது.

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் சென்றபோது அங்கொரு கடையில் பார்த்த மெக்கானோ விளையாட்டுப் பொருள் அவருக்கு வழிகாட்டியது: துண்டுகள் சில, அவற்றைக் கோத்தால் கிடைக்கும் உருவங்கள் பல. 1876இல் வெளியான டியூயி பகுப்பு, பெரும்பாலும் பொருளுக்கு ஓர் எண்ணை முன்கூட்டியே எழுதிவைத்தது. ரங்கநாதனோ பொருளைக் கூறுகளாகப் பிரித்து, முக்காற்புள்ளியால் (கோலன்) இணைத்தார். அந்தக் கோலன் பகுப்புமுறை 1933இல் வெளிவந்தது. பட்டியலாக்க விதிகள் அடுத்த ஆண்டில் வந்தன.

இந்திய நூலகங்களில் பெரும்பாலானவை டியூயி எண்களைத்தானே எழுதுகின்றன என்று கேட்கலாம். உண்மைதான், கோலன் எண்கள் பரவவில்லை. ஆனால் கூறுகளாகப் பிரிக்கும் சிந்தனை பரவியது. கணினிப் பட்டியலில் மொழி, காலம், பொருள் என்று தேடலைப் படிப்படியாகக் குறுக்குகிறோமே, அது அந்த வழியில் வந்ததே. சொல்லைத் தட்டினால் நூல் கிடைக்கும்போது பட்டியலாக்க விதிகள் எதற்கு என்பது அடுத்த கேள்வி. சாமிநாதையர், சாமிநாதய்யர், சாமிநாத ஐயர் என மூன்று விதமாகப் பதிவானால் உ.வே.சா.வின் நூல்கள் மூன்று இடங்களில் சிதறும். எது முறையான வடிவம், மற்றவற்றை அதோடு எப்படி இணைப்பது என்பதை மனிதர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

மென்பொருளின் விலையும் இன்று பெரிய தடையல்ல. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகத்தில் 2000இல் பயன்பாட்டுக்கு வந்த கோஹா மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. தேர்ந்த பட்டியலாளரின் உழைப்புதான் இலவசமாகக் கிடைப்பதில்லை. ரங்கநாதன் பாடுபட்டுக் கொண்டுவந்த 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் வழியே, சொத்துவரி ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக வசூலாகிறது. நாவலூரின் உயர்ந்த கட்டடங்களுக்கும் அது பொருந்தும். அந்தப் பணம் கணினி வாங்குவதோடு நின்றுவிடாமல், பட்டியலாளரை அமர்த்தவும் செலவாக வேண்டும்.