தொலையாமல் கிடைத்த தமிழ்: எழுத்துருக் கோப்புகளின் கதை



மறைந்த என் பெரியப்பா மகன், எங்களுக்கெல்லாம் மூத்த அண்ணன், ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்குப் போகும் ஊர்வலத்தைப் பற்றி எழுதி வைத்திருந்ததை நம் குடும்பத்தில் பலர் அறிவீர்கள். சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளையில் இஸ்லாமியப் பெருமக்கள் பெருமாளை வரவேற்று மரியாதை செய்யும் வழக்கம், வழியில் எந்த ஊரில் யார் பந்தல் போடுவார்கள், கிழவிகள் என்ன பேசிக்கொள்வார்கள், எல்லாம் அதில் உண்டு. கையெழுத்துப் படியைக் கரையான் தின்றுவிட்டது. 2001இல் டி.டி.பி. சென்டரில் அடித்த கோப்பு மட்டும் ஒரு சிடியில் மிஞ்சியது. அதைத் திறந்தால் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. "கெட்டுப்போச்சு, தூக்கிப் போடுங்க" என்றார்கள். கெட்டுப்போகவில்லை என்பதுதான் இந்தப் பதிவு.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். அந்தக் காலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்று கணக்கு. ஆக மொத்தம் 256 எண்கள். அதில் முதல் 128 இடங்களை ஆங்கிலத்துக்கென்று அமெரிக்கர்கள் 1960களிலேயே வகுத்துவிட்டார்கள். தமிழுக்கு இடம் இல்லை. நம்மவர்கள் என்ன செய்தார்கள்? ஆங்கில எழுத்தின் படத்தை எடுத்துவிட்டு அதே எண்ணில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்தார்கள். 106 என்பது ஆங்கிலத்தின் சின்ன ஜே. பாமினி எழுத்துருவில் அந்த இடத்தில் 'த' இருக்கும். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசைகளைத் தட்டினால் திரையில் 'தமிழ்' வரும். பாமினி இல்லாத கணினியில் அதே கோப்பு வெறும் ஆங்கில எழுத்தாக நிற்கும். அண்ணனின் குப்பையும் இதுவே. (டைப்ரைட்டிங் படித்தவர்கள் அந்தக் குப்பையைப் பார்த்த மாத்திரத்தில் சரளமாக வாசிப்பார்கள். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை.)

இதிலும் ஒற்றுமை கிடையாது. கம்பெனிக்கு ஒரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு எண் வரிசை. விருத்தாசலத்தில் அடித்த கல்யாணப் பத்திரிகையைக் கடலூரில் திறக்க முடியாது. இணையம் வந்தபோது இந்தக் கூத்து உலகம் முழுவதும் பரவியது. சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் அறிஞராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' என்ற எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று அவர் முன்னின்று தொடங்கியதே மதுரைத் திட்டம். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் சம்பளம் வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். பொது எண் வரிசை ஒன்று வேண்டும் என்று மின்னஞ்சலிலேயே கூடிப் பேசி 'திஸ்கி'யை வகுத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு 'டாம்', 'டாப்' என்று வேறு இரண்டு வரிசைகளைப் பரிந்துரைத்தது. எல்லாருக்கும் நல்லெண்ணம்தான், பானைகள்தான் கூடின.

யூனிகோடு வந்த பிறகே வழி பிறந்தது. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண். 'த'வுக்கு 2980, அந்த எண்ணை வேறு எந்த மொழியும் தொடாது. 2010இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. ஆனால் அதற்குள் இருபது ஆண்டுத் தமிழ் பழைய எண்களில் அடைந்து கிடந்தது. அதை மீட்க ஒவ்வொரு கோப்பையும் படித்து, எண்களை மாற்றி, புதிய கோப்பில் எழுதும் நிரல்கள் தேவைப்பட்டன. சுரதாவின் பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்றவை அந்த வேலையைச் செய்தன. இன்று பைத்தான் மொழியில் ஓப்பன்-தமிழ் என்ற இலவச நிரல் தொகுப்பே இருக்கிறது.

அண்ணனின் கோப்புக்கு என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன், இப்போது பெங்களூரில் இருக்கிறான், பைத்தானில் தானே ஒரு நிரல் எழுதினான். நாற்பது வரிகூட இல்லை. மூலக் கோப்பைத் தொடாமல் வரி வரியாகப் படிக்கும். அட்டவணையைப் பார்த்து மாற்றும். வேறு பெயரில் சேமிக்கும். அட்டவணையில் எது முதலில் என்பதுதான் நுட்பம். டைப்ரைட்டரில் 'கொ' அடிக்கக் கொம்பு, பிறகு க, பிறகு கால். கண்ணுக்குத் தெரிகிற வரிசை அது. பாமினியும் அதையே பின்பற்றியது. யூனிகோடிலோ நாம் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி க் பிறகு ஒ: மெய் முந்தும், உயிர்க்குறி பிந்தும். ஆகவே கொம்பைத் தூக்கிப் பின்னால் போட வேண்டும். நீளமான 'கொ'வை முதலில் மாற்றி, அப்புறம்தான் 'கெ'யைத் தொட வேண்டும்.

முதல் படியைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் பேசுகிற மாதிரியே இருந்தது. ஆனால் நம் வெள்ளாறு எங்கெல்லாம் வந்ததோ அங்கெல்லாம் 'வௌ்ளாறு' என்று இருந்தது. காரணம் வேடிக்கையானது. பாமினியில் 'ஔ' குறியின் பின்பாதிக்குத் தனி எண் கிடையாது, 'ள'வையே போட்டுவிடுவார்கள். கொம்பு, வ, ள என்று மூன்றும் சேர்ந்து வந்தால் அது 'வௌ'வா, 'வெள'வா? நிரலுக்குத் தெரியாது. இணையத்தில் 'வௌியீடு' என்று எத்தனை இடத்தில் பார்த்திருப்பீர்கள், அதெல்லாம் இப்படிப் பிறந்த பிள்ளைகள்தான். அடுத்த எழுத்தையும் எட்டிப் பார்க்கச் சொல்லி அவன் திருத்தினான்: ளவுக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அது ளதான். வெள்ளாறு திரும்பி வந்தது. பௌர்ணமியும் கௌரவமும் கெடவில்லை.

அதற்கும் அடங்காதவை சில. கிழவிகள் பேச்சை அண்ணன் அப்படியே எழுதியிருந்தார்: "சாமி கெளம்பியாச்சு", "வெளக்கு வச்சாச்சா". இங்கே ளவுக்குப் பின் புள்ளியும் இல்லை, குறியும் இல்லை. நிரல் 'கௌம்பியாச்சு' என்றது. "சார், இதுக்கு விதி எழுத முடியாது, நீங்கதான் படிக்கணும்" என்று மாணவன் எழுதினான். நிரல் 'ஔ' போட்ட சொற்களை மட்டும் தனிப் பட்டியலாக எடுத்து அனுப்பினான். நம் ஊர்ப் பேச்சு காதில் விழுந்து வளர்ந்த ஆள்தான் அதைப் பிரிக்க முடியும்.

பட்டியலில் பாதிக்கு மேல் முடித்துவிட்டேன். பதினோரு இடங்களில் எனக்கே ஐயம். அவற்றில் நான்கு பழைய வயல் பெயர்கள். சித்தி, அத்தை வழி உறவினர்கள் யாராவது வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள், அந்த நான்கையும் கீழே படமாகப் போட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் இப்படிக் குப்பையாகத் தெரியும் பழைய கோப்பு இருந்தால் அழிக்காமல் எனக்கு அனுப்பி வையுங்கள். எந்த எழுத்துருவில் அடித்தது என்று நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள்.