புயலுக்கு முதல் நாள் எதை எடுத்து வைப்பது?

2025 நவம்பர் 26, புதன்கிழமை இரவு. பேராதனையில் எங்க போடிங் அறைக்குள் மூன்று பேர். எங்களுக்குள் ஊர்ப் பெயர்தான் கூப்பிடும் பெயர். ஒருத்தி மட்டக்களப்பு, ஒருத்தி கம்பளை, நான் தெல்தோட்டை. வெளியில் மழை விட்டபாடில்லை. வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் இருக்கு, அது இலங்கைக்கு மேலால் போகப் போகுது என்று எல்லா வட்ஸ்அப் குரூப்பிலும் படம் படமாக வந்துகொண்டிருந்தது. அப்போது அதற்குப் பெயர்கூட வைத்திருக்கவில்லை. டித்வா என்ற பெயர் பிறகுதான் வந்தது. ஏமன் நாடு கொடுத்த பெயர் அது, சொகோத்ரா தீவில் உள்ள ஒரு களப்பின் பெயராம்.

அன்றைக்கு மூன்று பேரும் பயந்தோம், ஆனால் ஒரே விஷயத்துக்குப் பயப்படவில்லை. வரலாறு படிக்கிற பிள்ளை என்பதால் இது என் மண்டைக்குள் திரும்பத் திரும்ப ஓடுகிறது.

மட்டக்களப்புக்காரி பயந்தது காற்றுக்கு. அவளுடைய அம்மம்மா அன்றிரவு மூன்று தரம் போன் எடுத்தா. ஸ்பீக்கரில் போட்டதால் எங்களுக்கும் கேட்டது. "ஜன்னலுக்குப் பக்கத்துல படுக்காதீங்க மனே. குடிக்கத் தண்ணி நிரப்பி வைங்க. காத்து நிண்டுட்டு எண்டு வெளிய மட்டும் இறங்கிடாதீங்க, மறுபக்கத்தால திரும்பி அடிக்கும்." இந்தக் கடைசி அறிவுரை எந்தப் புத்தகத்திலிருந்தும் வந்ததல்ல. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் இருந்து வந்தது. புயலின் கண் மேலே வரும்போது எல்லாம் அடங்கிவிடும். முடிந்தது என்று நினைத்து வெளியில் வந்தவர்களைத்தான் எதிர்த் திசைக் காற்று பிடித்தது. அந்தப் புயலில் 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், இரண்டரை லட்சம் வீடுகள் வரை சேதமாகின, கரையோரத் தென்னந்தோட்டங்கள் அப்படியே படுத்துவிட்டன. அதற்குப் பெயரே கிடையாது. இன்றைக்கும் அங்கே "எழுபத்தெட்டு" என்றாலே போதும், எல்லோருக்கும் விளங்கும். அம்மம்மாவின் கணக்கில் புயல் என்றால் ஓடு பறக்கும், மரம் விழும்.

கம்பளைக்காரி பயந்தது ஆற்றுக்கு. அவளுடைய வாப்பாவுக்கு டவுனில் கடை. புதன் இரவே கீழ்த் தட்டில் இருந்த அரிசி, சீனி மூட்டைகளை மேல் தட்டுக்கு ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். கம்பளைக்கு மேலே கொத்மலை ஓயா மகாவலியோடு சேர்கிறது. 1985இல் கட்டி முடித்த கொத்மலை அணை அந்த ஓயாவில்தான் நிற்கிறது. வான்கதவு திறந்தால் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் டவுனுக்கு வரும் என்று கடைக்காரர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அணைக்கு முந்தியும் அந்த ஊருக்கு வெள்ளம் புதிதில்லை. 1947 ஆகஸ்ட் பெருவெள்ளத்தைப் பற்றி அவளுடைய மூத்தம்மா சொன்னது இன்னும் வீட்டில் ஓடுகிறதாம். எங்க பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து இந்த ஆற்றங்கரைக்கு மாறி வந்தது அதற்குப் பிறகுதான், 1952இல்.

நான் பயந்தது மண்ணுக்கு.

இதை மற்ற இரண்டு பேருக்கும் விளங்கப்படுத்த அன்றிரவு எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "உங்க ஊர்ல கடலும் இல்ல, ஆறும் இல்ல, என்ன பயம்?" என்று மட்டக்களப்பு கேட்டாள். நியாயமான கேள்விதான். பதிலுக்கு இருநூறு வருடம் பின்னால் போக வேண்டும். 1815இல் கண்டி இராச்சியம் விழுந்தது. அடுத்த பத்து வருடத்துக்குள்ளேயே ஜோர்ஜ் பேர்ட் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் போட்டார், தேசாதிபதி பார்ன்ஸ் பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் போட்டார். 1840களில் கோப்பிப் பைத்தியம் உச்சத்துக்குப் போனது. மலை மலையாகக் காட்டை வெட்டி எரித்தார்கள். 1869இல் கோப்பிக்கு நோய் வந்தபோது தேயிலை ரெடியாக இருந்தது. இரண்டு வருடம் முந்தி, எங்க ஊருக்குப் பக்கத்து லூல்கந்துரவில்தான் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் அதைப் போட்டிருந்தார். ஸ்கூல் ட்ரிப் போகிற பிள்ளைகளுக்கு டெய்லரின் கல் ஆசனத்தைக் காட்டுவார்கள். அந்தச் சரிவில் முதலில் என்ன நின்றது என்று யாரும் கேட்பதில்லை.

அப்போதே சொன்னவர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கியூ பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் காடழிப்பைப் பற்றி எச்சரித்தார். அதன் பிறகு 5,000 அடிக்கு மேல் உள்ள காட்டைத் தொடக்கூடாது என்று அரசாங்கம் நிறுத்தியது. 5,000 அடிக்குக் கீழே? கண்டி மாவட்டத்தின் பெரும்பகுதி அதற்குக் கீழேதான் கிடக்கிறது. அங்கேதான் லயங்கள்.

காட்டை எடுத்த பிறகு மண்ணைப் பிடித்து வைத்தது எங்க ஆட்களின் கை. தோட்டத்தில் "கான் வெட்டு" என்று ஒரு வேலை இருக்கிறது. மலைக்குக் குறுக்காகக் கான் வெட்டி, மழைத் தண்ணியை மெதுவாக ஓரத்துக்குக் கொண்டுபோய் விடுவது. தாத்தா காலத்தில் அதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். இப்போது பல தோட்டத்தில் ஆள் இல்லை, கான் மூடிக் கிடக்கிறது. தண்ணி போக இடமில்லாவிட்டால் உள்ளே இறங்கும். பல நாள் மழையில் ஊறிய மண்ணுக்குள் இன்னும் தண்ணி இறங்கினால் பாரம் கூடும், பிடி விட்டுப்போகும். இதற்குக் காற்றே தேவையில்லை. டித்வா காற்றளவில் எழுபத்தெட்டுக்குக் கிட்டவும் வராது. ஆனால் கிழக்கால் உள்ளே வந்து மெதுவாக வடக்கே நகர்ந்தது. அது நகர்ந்த நேரம் முழுக்க மலைகள் அந்த ஈரக் காற்றை மேலே தள்ளி மழையாக்கிக்கொண்டிருந்தன. அதற்குச் சில நாள் முந்தியே, 22ஆம் திகதி, பஹல கடுகண்ணாவையில் வீதியோரக் கடையின் மேல் மண்மேடு சரிந்து உயிர்கள் போயிருந்தன.

வியாழக்கிழமை பகல் முழுக்க நாங்கள் செய்த வேலை மொழிபெயர்ப்பு. எச்சரிக்கை மெசேஜ்கள் எங்க குரூப்புக்கு முதலில் சிங்களத்தில்தான் வந்து விழுந்தன. எந்தப் பிரதேச செயலகம் மஞ்சள், எது சிவப்பு என்று வாசித்து, தமிழாக்கி, வொய்ஸ் மெசேஜாக ஊர் குரூப்புகளுக்குப் போட்டோம். லயத்தில் உள்ள வயசானவங்களுக்கு எழுத்தைவிடக் குரல்தான் லேசு. மஞ்சள் என்றால் விழிப்பாக இரு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகு, சிவப்பு என்றால் உடனே வெளியேறு. கம்பளைக்காரியின் சிங்களம் எங்க இரண்டு பேரைவிடவும் நல்லது, அதனால் வாசிப்பது அவள், சொல்வது நான். மத்தியானத்துக்குப் பிறகு அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

நான் பேசிப் போட்ட மெசேஜைக் கேட்டுவிட்டு அப்பா எடுத்தார். "வெளியேறுன்னு சொல்ற, சரி புள்ள. எங்க போறது?"

இந்தக் கேள்வியும் புதிதில்லை. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியதே, அந்த மக்களுக்கு 2005இலும் 2011இலும் இடம் மாறும்படி சொல்லப்பட்டிருந்தது. எந்த இடத்துக்கு என்பதுதான் இல்லை. சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாதவருக்கு "வெளியேறு" என்பது பாதி வசனம்தான். அதைத்தான் அன்றைக்கு நானும் ஐம்பது தரம் ரெக்கோர்ட் பண்ணி அனுப்பியிருக்கிறேன்.

அம்மா என்ன எடுத்து வைத்தார் என்று கேட்டேன். உடுப்பில்லை, அரிசியில்லை. அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், தாத்தாவின் குடியுரிமைக் காகிதம், எல்லாவற்றையும் இரண்டு சொப்பிங் பேக்குக்குள் போட்டு இறுக்கிக் கட்டி இடுப்பில் சொருகியிருந்தார். மட்டக்களப்பு சிரித்தாள், பிறகு நான் சொன்னதைக் கேட்டு நிறுத்திவிட்டாள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் எங்க ஆட்களை ஒரே அடியில் நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தது. கையெழுத்து வைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியைக் கடலுக்குள் கொண்டுபோனது. தலைமன்னாரிலிருந்து கப்பல் போய்ச் சேரும் துறைமுகம் அதுதான். அதன் பிறகு நாடு திரும்பியவர்கள் இராமேஸ்வரத்தில்தான் இறங்கினார்கள். தாத்தாவின் தங்கச்சி அப்படிப் போனவர். தாத்தா இங்கே நின்றார். யார் நிற்பது, யார் போவது என்று தீர்மானித்தது ஒரு காகிதம். அப்படிப்பட்ட வீட்டில், மலை சரியும் என்றால் முதலில் எதை எடுப்பார்கள்?

எல்லாம் கேட்டுவிட்டு மட்டக்களப்பு எழும்பிப் போய் என் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த என் காகிதங்களையும் ஒரு பேக்கில் போட்டுக் கட்டினாள். "நீயும் கட்டி வை கா" என்றாள்.

வியாழன் இரவு கரண்ட் போனது. பிறகு சிக்னல். மகாவலி பல்கலைக்கழகத்தின் தாழ்ந்த பக்கங்களுக்குள் ஏறியது. கொத்மலை அணை உடைஞ்சிடுச்சாம் என்று யாரோ இருட்டில் கத்திக்கொண்டு போனார்கள். அது பொய். ஆனால் கம்பளைக்காரி விடியும் வரை உட்கார்ந்தே இருந்தாள். அம்மம்மா சொன்ன காற்று வரவேயில்லை. அந்த நாட்களில் நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், மாவட்டங்களில் கண்டிதான் அதிகம் இழந்தது. கடற்கரையில் இருந்து படிக்க மலைக்கு வந்தவளின் வீட்டில் ஒரு ஓடும் அசையவில்லை.

கம்பளைக் கடையில் மேல் தட்டு வரை தண்ணி. கடன் கொப்பியை மட்டும் வாப்பா தலையில் வைத்துக் கொண்டுவந்துவிட்டாராம்.

எனக்கு அழைப்பு வர நாலு நாள் ஆனது. எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள், லயத்துக்குப் பின்னால் மலை வெடித்திருக்கிறது, திரும்பிப் போகலாமா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை என்றார் அப்பா. காகிதம் எதுவும் நனையவில்லையாம். "எல்லாம் எண்ணிப் பார்த்தேன் புள்ள. ஒன்னோட ஓஎல் சேர்ட்டிபிகேட்டு மட்டும் காணல. அத மண்ணுக்குள்ள விட்டுட்டேனோன்னு அம்மா ரெண்டு நாளா அழுவுது."

அது என் பெட்டிக்குள், மட்டக்களப்பு கட்டிய பேக்கில் இருந்தது.