நொய்யலும் நம்ம ஊர்க் குளங்களும்



கோயமுத்தூருக்கு வர்றவங்க மருதமலை ஏறுவாங்க, பேரூர்க் கோயில் சிற்பங்களைப் பார்ப்பாங்க. கோயிலுக்குப் பக்கத்திலேயே ஓடுகிற நொய்யலை நின்று பார்ப்பவர்கள் குறைவு.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, திருப்பூர் வழியாகக் காவிரியில் சேருகிற ஆறு இது. மழை பெய்தால்தான் வெள்ளம். அந்த நாலு நாள் வெள்ளமும் வீணாகக் கூடாதென்று முன்னோர்கள் ஆற்றில் தடுப்பணை கட்டி, வாய்க்கால் வெட்டிக் குளங்களை நிரப்பினார்கள். கிருஷ்ணாம்பதி நிரம்பினால் செல்வம்பதி, அப்புறம் முத்தண்ணன்குளம், செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம் என்று தண்ணி வரிசையாகப் போகும். குளம் நிரம்பினால் சுற்றுவட்டாரக் கிணறுகளும் ஊறும்.

1888இல் கோவையில் நூற்பாலை வந்தது. 1930களில் பைகாரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. தோட்டத்துக் கிணறுகளில் மோட்டாரும் ஓடியது. பிழைப்பு வளர்ந்தது, ஆறு நலிந்தது. பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, நிலமும் கிணறும் கெட்டன. 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவு போட வேண்டியதாயிற்று.

ஆகவே, மழைக்கு முன்னால் உங்க ஊர்க் குளத்து வாய்க்கால் வரைக்கும் ஒரு நடை போய் வாங்க. மண் மேடிட்டிருந்தால் நாலு பேர் சேர்ந்து தூர் எடுங்க. வாய்க்கால் அடைபட்டால் கிணறு ஊறாதுங்க.