முடி புனையா இளவரசர்

திருச்சிற்றம்பலம்

தில்லைச் சிற்றம்பலத்திற்குப் பொன் வேய்ந்த முதற் பராந்தக சோழருக்கும் கோக்கிழானடிகளுக்கும் பிறந்த மூத்த மைந்தர் இராசாதித்தர். இளவரசுரிமை எய்தியும் முடி புனையும் பேறு அவர்க்கு வாய்த்திலது.

வடக்கே இராட்டிரகூடர் பகை முதிர்ந்து வந்தமையின், இவர் பெரும்படையுடன் திருமுனைப்பாடி நாட்டில் தங்கியிருந்தார். அந்நாட்டுத் திருநாவலூர், நரசிங்கமுனையரையர் மகன்மை கொள்ள அரசிளங்குமரராய் வளர்ந்தும் அரசினை நாடாது ஆண்டவனுக்கு ஆட்பட்ட சுந்தரமூர்த்தி சுவாமிகள் அவதரித்த பதியாகும். அங்கே திருத்தொண்டீச்சுரத்தைக் கற்றளியாக்கினார் இளவரசர். அவருடைய படைத்தலைவரான மலைநாட்டு வெள்ளன் குமரனும் 943 ஆம் ஆண்டில், பெண்ணையாற்றங்கரையில் இன்று கிராமம் என வழங்கும் ஊரில் சிவபெருமானுக்குக் கற்றளி எடுத்தார். வாளேந்திய கைகளே திருப்பணியும் புரிந்தன.

949 ஆம் ஆண்டில், திருவூறல் என்னும் பாடல் பெற்ற தலமாகிய தக்கோலத்தில் பெரும்போர் மூண்டது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனுடன் பொருத இராசாதித்தர், யானைமீது இருந்தபடியே கணையேறுண்டு வீரசுவர்க்கம் புகுந்தார் என்று ஆனைமங்கலச் செப்பேடு கூறும். தொண்டை மண்டலம் மாற்றார் வசமாயிற்று. பராந்தகருக்குப்பின் அரியணை ஏறியவர், திருவிசைப்பா அருளிய இளையவர் கண்டராதித்தரே.

அப்போர்க்களத்தில் தம் தலைவருடன் உயிர் துறக்கப் பெறாதவர் ஒருவர் இருந்தார். கேரள நாட்டிற் பிறந்து கலைகள் பல கற்று, இளவரசருக்கு உற்ற துணையாய் விளங்கியவர் அவர். உயிர் தாங்கியிருத்தலையே பெரும் பழியாகக் கருதி உலக வாழ்வை வெறுத்தார், கங்கை நீராடினார், திருவொற்றியூரில் நிரஞ்சன குரவரை அடைந்து, துறவு பூண்டு, சதுரானன பண்டிதர் என்னும் பெயரோடு மடத்தலைமை ஏற்றார். ஒற்றியூர்ப் பெருமானுக்குப் பொன் வைத்து அறமும் நிறுவினார்.

இவ்வரலாற்றைக் கூறும் திருவொற்றியூர்க் கல்வெட்டு எவ்வரசன் ஆட்சியாண்டிற் பொறிக்கப்பெற்றது தெரியுமோ? இராசாதித்தரை வென்ற அக்கிருட்டிணனுடைய இருபதாம் ஆட்சியாண்டிலேயாம்! பகைவன் ஆட்சி நிலவிய மண்ணில், மாண்ட இளவரசர் பெயரும், அவரைப் பிரிந்த நண்பர் துயரமும் இறைவன் திருக்கோயிலில் இடம் பெற்றன. வென்றோனும் தோற்றோனும் சிவசந்நிதியில் ஒருங்கே நிற்கின்றனர்.

வென்றவன் பேரரசு ஒரு தலைமுறைக்குள் வீழ்ந்தது. முடி புனையாதவர் எடுப்பித்த கற்றளியிலோ இன்றும் விளக்கு எரிகின்றது. இக்குடமுழுக்குப் பெருவிழாவிற்குப் பொருளும் உழைப்பும் ஈந்த அன்பர்கள் இதனை உளங்கொள்வாராக. பதவி வாய்த்தலும் வாய்க்காமையும் வினைவயத்தன; திருப்பணியோ எஞ்ஞான்றும் நிற்பது.

மேன்மைகொள் சைவம் ஓங்குக!