இரண்டு பொறிகளும் ஒரு பல்கலைக்கழகமும்

பல்கலைக்கழகங்களின் வரலாற்றை மேதைகளின் வரலாறாக எழுதுவதே வழக்கமாகிவிட்டது. அங்கே இயங்கிய பொறிகளை யார் ஆண்டனர், பிழை நேர்ந்தபோது யார் கற்றனர் என்று வரலாற்றாசிரியர் கேட்பது அரிது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இரு பொறிகளை அருகருகே வைத்து நோக்கினால் இக்கேள்விகளின் பெறுமதி விளங்கும்.

முதலாவது, எட்சாக் என்னும் கணனி. மோரிஸ் வில்க்ஸ் தலைமையில் கணித ஆய்வுகூடத்தாரே அதனைக் கட்டினர். ஏறக்குறைய 3000 வால்வுகள் கொண்ட அப்பொறி 1949ஆம் ஆண்டு மே 6ஆந் திகதி வர்க்க எண்களின் அட்டவணையைக் கணித்து அச்சிட்டது. பெருமிதத்துக்குரிய நாள்தான். ஆயினும் வில்க்ஸ் விரைவிலேயே ஒரு கசப்பான உண்மையைக் கண்டார். அவர் எழுதிய முதற் பெரிய நிரலில் இருந்தவை 126 கட்டளைகள். பிழைகளோ 20 அளவில். எஞ்சிய வாழ்நாளில் ஒரு பெரும் பங்கு தம் சொந்தப் பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்று மாடிப்படியிலே தமக்குத் தோன்றியதாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

அந்த ஆய்வுகூடம் பிழையை மறைக்கவில்லை. சோதித்துத் தேறிய துணைநிரல்கள் காகித நாடாக்களிலே துளையிடப்பட்டு ஒரு நூலகமாகத் திரட்டப்பட்டன. ஒருவர் பட்ட பாடு எல்லோருக்கும் பொதுச் சொத்தாயிற்று. வில்க்ஸ், வீலர், கில் மூவரும் 1951இல் அவ்வனுபவத்தை நூலாக்கி உலகுக்கே அளித்தனர். இரவிலே பொறியியலாளர் வீடு திரும்பியபின், அனுமதி பெற்ற ஆய்வாளர்கள் தாமே பொறியை இயக்கினர். அது பழுதுற்று நிற்கும்வரை இயக்கினர்! 1962இல் நோபல் பரிசு பெற்ற ஜோன் கென்ட்ரூ, மயோகுளோபின் புரதத்தின் அமைப்பைக் காணும் கணக்குகளுக்கு எட்சாக்கையே நம்பினார். நரம்பின் மின்துடிப்பை ஆராய்ந்த அன்ட்ரூ ஹக்ஸ்லிக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அவருக்குத் தேவைப்பட்ட வேளையில் எட்சாக் திருத்தத்துக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அவர் கையாற் சுழற்றும் கணிப்பானிலே வாரக்கணக்கிற் பாடுபட்டார்.

இதனைப் பொற்காலமென்று பாட நாம் முன்வரவில்லை. அந்தக் கூட்டுறவு ஒரு சிறு அறிஞர் வட்டத்தின் கூட்டுறவே. ஆயினும் பொறியைப் பயன்படுத்தியோருக்கு அதன்மீது ஓரளவேனும் உரிமை இருந்தது.

அரை நூற்றாண்டு கழிந்தது. 2000ஆம் ஆண்டு ஓகஸ்டில் அதே பல்கலைக்கழகம் காப்சா என்ற கணக்கியற் கணனித் தொகுதியை இயக்கத் தொடங்கியது. பணம் கைமாறும்போது மட்டும் பதியும் பழைய முறை போய், செலவுக்கு உடன்பட்டதுமே பதியும் முறை வரவேண்டும் என்பது நோக்கம். நோக்கத்திற் குறையில்லை. ஆனால், ஏறக்குறைய ஒரு கோடி பவுணை விழுங்கிய அத்தொகுதி, துறைகளின் அன்றாடக் கணக்கையே குழப்பிவிட்டது. கணனியியலின் தொட்டில்களுள் ஒன்றிலே இது நிகழ்ந்தது!

பேராசிரியர் பின்கல்ஸ்டைனும் பல்கலைக்கழக நிருவாகத்தில் அனுபவமிக்க மைக்கல் ஷட்டொக்கும் ஆராய்ந்து தயாரித்த அறிக்கை 2001 நவம்பரில் வெளிவந்தது. பயன்படுத்துவோரைப் போதியளவு கலந்தாலோசிக்கவில்லை; பயிற்சி போதவில்லை; சோதனை முற்றுப்பெறுமுன் தொகுதி இயக்கப்பட்டது. எட்சாக்கின் ஆய்வுகூடம் 1949இலேயே கற்ற பாடங்கள் இவை. அதே நகரின் நிருவாகக் கட்டடத்துக்கு அவை வந்து சேரவில்லை. நிறுவனத்தின் ஒரு மூலையிலுள்ள அறிவு தானாக மறுமூலைக்கு நடந்து செல்வதில்லை. நிருவாகிக்கும் ஆசிரியருக்குமிடையே நிலவிய அவநம்பிக்கை அதற்கு வழியையும் அடைத்திருந்தது.

தோல்வியிலிருந்து எதனைக் கற்பது என்பதிலும் பூசல் எழுந்தது. துணைவேந்தரின் கையை வலுப்படுத்துவதே பரிகாரம் என்றனர் ஒரு சாரார். ஆசிரியரின் சுயாட்சியைப் பறிக்கக் காப்சாவைச் சாட்டாக்குகிறார்கள் என்றனர் மறுசாரார். இரண்டாவது வாதத்தின் பக்கமே எமது மனம் சாய்கிறது. எனினும் ஒன்றைக் கவனிக்காதிருக்க முடியவில்லை. இத்தகைய விடயங்களில் இறுதி வாக்கு, ரீஜன்ட் ஹவுஸ் எனப்படும் மன்றத்தினுடையது. ஆசிரியரும் உயர் அலுவலருமே அதன் உறுப்பினர். துறை அலுவலகங்களிலே காப்சாவின் திரைமுன் நாள் முழுதும் அமர்ந்திருந்த இலிகிதர்களுக்கு அம்மன்றத்தில் வாக்கு இருக்கவில்லை.