இரவு வானமும் போர்ட்ரெயிட் லென்ஸும்

இரவு வானைப் படமெடுக்க உதவிய முதல் வேகமான லென்ஸ், மனித முகங்களுக்காகச் செய்யப்பட்டது. 1839-இல் டாகேரின் புகைப்பட முறை வெளியானபோது அதற்கெனக் கிடைத்த லென்ஸின் துளை சுமார் எஃப்/15, அதாவது குவியத் தூரத்தில் பதினைந்தில் ஒரு பங்கு. முகத்தைப் படமெடுக்க அது போதவில்லை. வெயிலில் உட்கார்ந்தாலும் நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. 1840-இல் வியன்னாவின் கணித அறிஞர் ஜோசப் பெட்ஸ்வால் கணக்கிட்டு வடிவமைத்த போர்ட்ரெயிட் லென்ஸ் எஃப்/3.6 அளவை எட்டியது. ஃபோக்ட்லேண்டர் நிறுவனம் தயாரித்த இந்த லென்ஸ், பழையதைப் போல சுமார் 17 மடங்கு ஒளியைத் தகட்டில் சேர்த்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் ஊருக்கு ஊர் ஸ்டூடியோக்களில் இந்த வகை லென்ஸே நின்றது.

வானியலாளர்கள் அப்போது தொலைநோக்கியையே கேமராவாக்கினர். 1850-இல் ஹார்வர்டு வான் ஆய்வகத்தில் வில்லியம் பாண்டும் படக்கலைஞர் விப்பிளும் 15 அங்குலத் தொலைநோக்கியால் வேகா விண்மீனைப் பதிவு செய்தனர். விண்மீன் ஒரு புள்ளி. அதன் ஒளியைத் திரட்ட லென்ஸின் அகலமே முதலில் கணக்கு. வால்நட்சத்திரத்தின் வால், நெபுலா, பால்வீதி போன்றவை பரந்து கிடக்கும் ஒளி. அவை தகட்டில் எவ்வளவு பிரகாசமாக விழும் என்பதைத் துளைக்கும் குவியத் தூரத்துக்கும் உள்ள விகிதமே தீர்மானிக்கிறது.

இந்த வேறுபாடு 1858-இல் டொனாட்டி வால்நட்சத்திரம் வந்தபோது கண்கூடாகத் தெரிந்தது. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் வில்லியம் அஷர்வுட் என்ற உருவப்படக் கலைஞர் எஃப்/2.4 போர்ட்ரெயிட் லென்ஸைத் திறந்து, 7 வினாடிகளில் அதைப் பதிவு செய்தார். வால்நட்சத்திரம் ஒன்றின் முதல் புகைப்படம் அது. ஹார்வர்டின் பெரிய தொலைநோக்கிக்கோ அதன் மையக்கரு மட்டுமே கிடைத்தது. அத்தொலைநோக்கியின் குவியத் தூரம் 20 அடிக்கும் மேல்; பரந்த ஒளிக்கு அது மிக மெதுவான கருவி.

1870-களில் உலர் ஜெலட்டின் தகடுகள் பரவியதும் நீண்ட எக்ஸ்போஷர் சாத்தியமாயிற்று. 1882-இன் பெரும் வால்நட்சத்திரத்தை நன்னம்பிக்கை முனை ஆய்வகத்தின் டேவிட் கில் படமெடுக்க விரும்பினார். உள்ளூர்ப் படக்கலைஞர் ஒருவரின் 2.5 அங்குலத் துளையும் 11 அங்குலக் குவியத் தூரமும் கொண்ட லென்ஸ், வானின் சுழற்சியைத் தொடரும் தொலைநோக்கியின் மேல் கட்டப்பட்டது. தகட்டைக் கழுவிப் பார்த்தபோது வால்நட்சத்திரத்துக்குப் பின்னால் ஏராளமான விண்மீன்கள் பதிந்திருந்தன. விண்மீன்களைக் கண்ணால் ஒவ்வொன்றாக அளப்பதற்குப் பதில் தகட்டிலேயே பட்டியலிடலாம் என்ற எண்ணம் அதிலிருந்து வலுப்பெற்றது. கில் எடுத்த தகடுகளை நெதர்லாந்தில் யாகோபஸ் காப்டைன் அளந்து, தெற்கு வானின் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் பட்டியலை உருவாக்கினார்.

போர்ட்ரெயிட் லென்ஸின் முழு ஆற்றலையும் வெளிக்கொணர்ந்தவர் எட்வர்ட் எமர்சன் பர்னார்ட். நாஷ்வில்லில் பிறந்த அவர் ஒன்பது வயதை ஒட்டியே ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். கூரையில் இருந்த பெரிய என்லார்ஜர் வெயிலில் இயங்குவது. சூரியன் நகர நகர அதைத் திருப்பிக்கொண்டே இருப்பது சிறுவனின் வேலை. பின்னாளில் கலிஃபோர்னியாவின் லிக் ஆய்வகத்தில், அன்று உலகிலேயே பெரியதான 36 அங்குல லென்ஸ் தொலைநோக்கி இருந்தும், பால்வீதிக்கு அவர் எடுத்துக்கொண்டது ஸ்டூடியோ ஒன்றில் பயன்பட்ட பழைய வில்லர்ட் லென்ஸை. துளை 6 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, குவியத் தூரம் 31 அங்குலம். 1889 முதல் வழிகாட்டி விண்மீன் ஒன்றைக் குறுக்குக் கம்பிகளில் விலகாமல் நிறுத்தி, மணிக்கணக்கில் தகட்டைத் திறந்து வைத்து, பால்வீதியின் ஒளித்திரள்களையும் அவற்றை ஊடறுக்கும் கரும்பட்டைகளையும் பதிவு செய்தார்.

வில்லர்ட் லென்ஸுக்கும் பெட்ஸ்வால் வகையின் குறை உண்டு. நடுவில் கூர்மை, ஓரத்தில் மங்கல். முகப்படத்தில் ஓரம் மங்கினால் கெடுதலில்லை. வானில் விண்மீன்கள் உப்பிச் சிதைந்தன. எனவே காத்தரீன் உல்ஃப் புரூஸ் அளித்த நன்கொடையால், ஜான் பிரஷியர் 10 அங்குலத் துளையும் 50 அங்குலக் குவியத் தூரமும் கொண்ட லென்ஸைச் செய்தார். 1905-இல் மவுண்ட் வில்சனில் பர்னார்ட் இக்கருவியால் எடுத்த படங்களே அவரது பால்வீதி அட்லஸின் பெரும்பகுதி. அது அவர் மறைவுக்குப் பின் 1927-இல் வெளிவந்தது. அந்தக் கரும்பகுதிகள் வெறும் இடைவெளிகள் அல்ல, பின்னுள்ள ஒளியை மறைக்கும் மேகங்கள் என்ற முடிவுக்கு அவரைக் கொண்டுவந்தவை இத்தகைய படங்களே. 1919-இல் அவர் வெளியிட்ட கரும்பகுதிப் பட்டியலில் 182 இடங்கள் உள்ளன.

வேகம், அகலமான பார்வை, ஓரம்வரை கூர்மை ஆகிய மூன்றையும் லென்ஸ்களால் மட்டும் ஒருசேரப் பெறுவது கடினமாகவே இருந்தது. 1930-இல் ஹாம்பர்க்கில் பெர்ன்ஹார்ட் ஷ்மிட், கோளக் கண்ணாடிக்கு முன் மெல்லிய திருத்தத் தகடு ஒன்றை வைத்து அதைச் சாதித்தார். அவரது முதல் கேமராவே எஃப்/1.75 அளவில் இயங்கியது. பின்னர் பலோமரின் 48 அங்குல ஷ்மிட் தொலைநோக்கி, அங்கிருந்து தெரியும் வானத்தின் பெரும்பகுதியைப் பதிவு செய்தது.

இன்று டிஜிட்டல் கேமராவுக்கு லென்ஸ் தேர்ந்தெடுப்பவரும் இதே மூன்றையும்தான் பார்க்கிறார். பால்வீதிக்கு எஃப்/2.8 அல்லது அதைவிட அகலத் துளையுள்ள வைட் லென்ஸ் நாடப்படுகிறது. ஸ்டாண்டில் அசையாமல் நிற்கும் கேமராவில் குவியத் தூரம் குறையக் குறைய, விண்மீன்கள் கோடாக நீளாமல் அதிக நேரம் திறந்து வைக்கலாம். ஓரத்து விண்மீன்கள் சிறகு விரித்ததுபோல் சிதைந்தால் துளையைச் சற்றே குறைப்பது வழக்கம். அப்போது ஒளி குறைகிறது, கூர்மை கூடுகிறது.