மாசி போட்டால் சைவமா?



கந்தசஷ்டி நெருங்குகிறது. விரதம் இருக்கும் தோட்டத்து மக்கள் பதுளை டவுனுக்கு வந்தால் எங்கள் கடைகளில் கேட்பது ஒரே கேள்வி: "நானா, இது சைவமா?" "ஓம், மரக்கறிதான்" என்று உடனே பதில் வரும். சீனிச் சம்பல் பணிசுக்கும் அதே பதில், பருப்புக் கறிக்கும் அதே பதில். ஆனால் இரண்டிலுமே மாசி இருக்கலாம்.

யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. இந்த நாட்டுச் சமையலில் மாசி மீன் கணக்கில் வருவதில்லை. உப்பு, மிளகாய், கறிவேப்பிலை மாதிரி அதுவும் ஒரு சரக்கு. இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல.

மாலைதீவு மொழியில் 'மஸ்' என்றால் மீன். எங்கள் 'மாசி' அந்தச் சொல்லோடு சேர்ந்தது. சிங்களத்தில் உம்பலகட. சூரை இன மீனை வெட்டி, அவித்து, புகையிட்டு, கட்டை மாதிரி காயவைத்த பண்டம் அது. 1343இல் மாலைதீவுக்கு வந்து அங்கே காழியாகவும் இருந்த இப்னு பதூதா, இந்த மீனை ஓலைக் கூடைகளில் வைத்துப் புகையிடுவதையும், அது இந்தியா, சீனா, யெமன் வரை ஏற்றுமதியாவதையும் எழுதி வைத்திருக்கிறார். அடுத்த வருடம் அவரே புத்தளத்தில் வந்திறங்கி, பாவா ஆதம் மலை ஏறினார்.

ஊவா கடலைக் காணாத மாகாணம். கண்டி இராச்சியக் காலத்தில் முஸ்லிம்கள் தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களில் உப்பும் கருவாடும் மலைக்குக் கொண்டு வந்தார்கள். திரும்பும்போது பாக்கு ஏற்றிப் போனார்கள். பதுளைக்கு ரயில் வந்ததே 1924இல்தான். ஐஸ் இல்லாத காலத்தில் மலையில் கெடாமல் நின்ற கடல் உணவு கருவாடும் மாசியும்தான். ஒரு சிறு துண்டை இடித்துப் போட்டால் ஒரு சட்டி கறிக்குச் சுவை வரும். அப்படித்தான் அது சம்பலுக்குள்ளும் பருப்புக்குள்ளும் பெயரில்லாமல் போய்ச் சேர்ந்தது.

இந்தக் கேள்வியின் பெறுமதி எங்களுக்குத் தெரியாததல்ல. உணவுப் பொருட்களில் ஹலால் முத்திரையைப் பார்த்து வாங்கிப் பழகியிருந்தோம். பொது பல சேனாவின் எதிர்ப்புப் பிரசாரத்துக்குப் பிறகு, 2013 மார்ச்சில் உள்ளூர்ப் பொருட்களில் அந்த முத்திரை இல்லாமலும் விற்கலாம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா விட்டுக்கொடுத்தது. 2014இல் சான்றிதழ் வேலை தனியான ஒரு ஹலால் சபையின் கைக்குப் போனது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது எப்படி என்று அந்த நாட்களில் நாங்கள் எல்லோரும் அறிந்தோம். விரதக்காரர் எங்கள் கடை வாசலில் நிற்பதும் அதே நிலையில்தான்.

இந்தியாவில் சைவ உணவுப் பக்கெட்டுகளுக்குப் பச்சைப் புள்ளி கட்டாயம். அங்கே பால் சைவம், முட்டை அசைவம். 1944இல் இங்கிலாந்தில் பெயர் பெற்ற 'வீகன்' முறையில் பால், நெய், தேன் எதுவும் கூடாது. எல்ல பக்கம் வரும் வெளிநாட்டவர் பலர் அதைத்தான் கேட்கிறார்கள். தேங்காய்ப்பாலில் செய்த பால்சோறு அவர்களுக்கு ஆகும். முட்டை சேர்த்துப் பிசைந்த ரொட்டி ஆகாது.

ஹலால் என்றால் சைவம் என்றும் ஆகிவிடாது. ஜெலி மிட்டாயிலும் சில யோகட்டிலும் இருக்கும் ஜெலட்டின், முறைப்படி அறுத்த மாட்டிலிருந்து வந்தால் எங்களுக்குக் கூடும். விரதக்காரருக்குக் கூடாது. நோன்பு காலத்தில் நாங்கள் காய்ச்சும் கடற்பாசி கடலில் விளையும் பாசி. அதைப் பக்கத்து வீட்டு விரதக்காரருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். இறைச்சி போட்ட நோன்புக் கஞ்சியை அப்படிக் கொடுக்க முடியாது.

கடை வைத்திருக்கும் சகோதரர்களிடம் கேட்பது பெரிய விஷயமல்ல. கந்தசஷ்டி ஆறு நாளும், வெள்ளிக்கிழமைகளிலும், போயா நாட்களிலும் ஒரு சட்டிச் சம்பலை மாசி போடாமல் தனியாக வையுங்கள். கரண்டியும் தனியாக இருக்கட்டும். கொத்துப் போட்ட அதே கல்லில்தான் மரக்கறி ரொட்டியும் சுட்டது என்றால் அதையும் சொல்லுங்கள். "இதில் மாசி இருக்கு, அதில் இல்லை" என்று சொன்னால் ஒரு பணிஸ் விற்காமல் போகலாம். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை அந்த அக்கா உங்கள் கடையைத்தான் தேடி வருவார்.

வியாபாரத்தில் குறையை மறைக்காமல் சொல்லி விற்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். வாங்குபவர் எந்த மதம் என்று பார்த்து அது மாறுவதில்லை. எங்கள் உணவை எங்களுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று கேட்கும் நாங்கள், அவர்கள் உணவை அவர்களுக்குச் சரியாகச் சொல்வோம்.

விரதம் இருக்கும் எல்லோருக்கும் எங்கள் வாழ்த்துகள்.